இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு: ஊர்ப் பள்ளியை எங்கிருந்து தூக்கி நிறுத்துவது?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 40 பிள்ளைகளுக்கும் குறைவு. ஒரு தலைமையாசிரியர், ஓர் இடைநிலை ஆசிரியர். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் ஊர் இளைஞர்கள் சேர்ந்து 1 லட்சம் ரூபாய் திரட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்மார்ட் போர்டு வாங்கலாம், சுவருக்கு வண்ணம் அடித்து ஓவியம் வரையலாம், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எதைச் செய்தால் பள்ளியின் தரம் உயரும்?

நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையே பள்ளி பள்ளியாகப் போய் வகுப்பில் உட்கார்வதுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு எதுவரை வாசிக்க வருகிறது என்று முதலில் பாருங்கள். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் இதற்குமுன் பார்த்திராத ஒரு பத்தியைத் தானே வாசித்து, என்ன புரிந்தது என்று சொல்ல வேண்டும். இரண்டு இலக்கக் கூட்டல் கழித்தல் தானே போட வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். இவை நடக்காவிட்டால் எந்தப் போர்டில் எந்தப் படம் ஓடினாலும் பிள்ளைக்கு எட்டாது.

ஏன் இதையே பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், நம் நாட்டுக் கிராமப் பள்ளிகளின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கப்படும் ‘அசர்’ ஆய்வின்படி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் 50.5 சதவீதம். கொரோனாவுக்குப் பின் 2022-ல் 42.8. அதற்கப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கொரோனாவால்தான் கெட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை. பாடப்புத்தகம் வகுப்போடு சேர்ந்து முன்னேறிக்கொண்டே போகிறது. முதல் வகுப்பில் எழுத்தைத் தவறவிட்ட பிள்ளைக்காக அது நிற்பதில்லை. அந்தப் பிள்ளை அடுத்த நான்கு வருடமும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும், கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து அழகாக எழுதும், கோரஸாகச் சொல்லச் சொன்னால் சத்தமாகச் சொல்லும். நோட்டைப் பார்க்கும் அதிகாரிக்கும் அப்பாவுக்கும் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

அதனால் நோட்டைப் பார்க்காதீர்கள். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, வாசிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், அது பாதி மனப்பாடமாக இருக்கும். ஒருமுறை நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு பக்கத்தைத் தங்கு தடையில்லாமல் வாசித்தாள். கண் புத்தகத்தில் இருந்தது, விரலும் வரிக்கு வரி ஓடியது. பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்னம்மா?” என்றேன். பதில் இல்லை. உதடு மட்டும் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லில் நின்றது, பிறகு சத்தமாகச் சொன்னாள். அவளுக்கு அந்தப் பக்கம் மொத்தமும் ஒரு பாட்டு. அவளுடைய ஆசிரியருக்கும் அன்றுதான் அது தெரிந்தது. அவர் கெட்ட ஆசிரியர் அல்ல. ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தனியே கேட்க அவருக்கு நேரமே வாய்த்ததில்லை.

சோதனைக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு தாளில் பத்து எழுத்துகள், பத்துச் சின்னச் சொற்கள், நான்கு எளிய வாக்கியங்கள், எட்டுப் பத்து வரியில் ஒரு கதை. பிள்ளை எதுவரை சிரமமில்லாமல் போகிறதோ அதுதான் அதன் நிலை. கணக்குக்கும் அப்படியே: ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். பெயருக்கு நேரே நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தலைமையாசிரியரோடு சேர்ந்து செய்ய வேண்டும், அவருக்குத் தெரியாமல் செய்யக் கூடாது. பட்டியலை ஊரில் யாருக்கும் வாசித்துக் காட்டவும் கூடாது. “உன் பையனுக்கு ‘அ’னாகூடத் தெரியல” என்ற ஒரு பேச்சு டீக்கடையில் கிளம்பினால் அந்தப் பையன் மறுநாள் பள்ளிக்கு வர மாட்டான்.

பட்டியல் கையில் வந்ததும் பெரும்பாலும் ஒன்று கண்ணில் படும். மூன்றாம் வகுப்பில் இரண்டு பேர் கதை வாசிப்பார்கள், ஐந்தாம் வகுப்பில் மூன்று பேர் சொல்லிலேயே நிற்பார்கள். வகுப்புக்கும் நிலைக்கும் சம்பந்தம் இருக்காது. இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். அதாவது நாளுக்கு 4 மணி நேரம். அதே சட்டம் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும் என்கிறது. இரண்டு ஆசிரியரின் 8 மணி நேரத்தை ஐந்து வகுப்புக்குப் பிரித்தால், ஒரு வகுப்புக்கு ஆசிரியர் நேரே பாடம் நடத்தக் கிடைப்பது 96 நிமிடம். எச்.எம். அன்று வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் 48 நிமிடம். மீதி நேரமெல்லாம் “சத்தம் போடாம எழுதுங்க”தான். அதே 8 மணி நேரத்தை வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்து மூன்று குழுவுக்குப் பிரித்தால் ஒரு குழுவுக்கு 160 நிமிடம் கிடைக்கிறது, அதுவும் அந்தக் குழுவுக்குத் தேவையான பாடம். புது ஆசிரியர் யாரும் வரவில்லை, ஒரு பைசா செலவில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆந்திரத்தில் ரிஷிவேலிப் பள்ளியைச் சுற்றியுள்ள சின்னக் கிராமப் பள்ளிகளில் பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் அவரவர் வேகத்தில் அட்டைகளை வைத்துப் படிக்கும் முறை உருவானது. அதைப் பார்த்துவிட்டு 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனதுதான் செயல்வழிக் கற்றல். நாற்காலியை விட்டு இறங்கி ஆசிரியர் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தது அப்போதுதான். பிறகு பல இடங்களில் அட்டைகள் கிழிந்தன, பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டும் ஏணிப்படி விளக்கப்படம் சுவரில் தொங்கியதோடு சரி. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் இதே எண்ணம்தான்: அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற குழு. ஆக, உங்கள் ஆசிரியர்களுக்கு இது புதிதாக இருக்காது. திட்டத்தின் பயிற்சி நூலும் பள்ளியிலேயே இருக்கும். குழு பிரித்துப் பாடம் நடத்த அவர்களுக்குக் கிடைக்காதது தடங்கலில்லாத நேரம்.

குழுவில் என்ன நடத்துவது என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் எவை என்று தெரிந்தவர் கற்பித்தால் வேலை பாதியாகக் குறையும். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்பதில்லை. ட, ப, ம, ய என்று எளிய வடிவங்களை எடுத்துக்கொண்டால் முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம் என்று பிள்ளை வாசித்துவிடும். “எனக்கு வருது” என்ற நினைப்பு அதற்கு வர வேண்டும். துணைக்கால் அவ்வளவு சிரமம் தராது. சிக்கல் கொம்பில் தொடங்கும். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளை கொம்பைப் பார்த்ததும் திகைத்து நிற்கும். ‘கொ’வில் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. அடுத்தது உகரம்: கு, சு, டு, து, பு ஒவ்வொன்றுக்கும் வால் ஒரு மாதிரி, ஒன்றைக் கற்றால் அடுத்தது தானாக வராது. இந்த இரண்டு இடங்களுக்கும் தனியாக இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். சொல் அட்டைகளை வைத்து விளையாட விடுங்கள். மண்ணில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். புத்தகத்தில் “மழை பெய்கிறது” என்று இருக்கும், பிள்ளை “மழ பேயுது” என்று வாசிக்கும். உடனே அதட்டித் திருத்துவார்கள். அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்த்தது, பொருளைப் பிடித்தது, தன் வீட்டு மொழியில் சொன்னது. வாசிப்பு என்பதே அதுதான். “ஆமாம், புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு பாரு” என்று கேட்டால் போதும். வீட்டில் பத்திரிகையே நுழையாத குடும்பத்துப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் கிட்டத்தட்ட இரண்டாவது மொழி. அதைக் காதால் நிறையக் கேட்க வேண்டும். தினமும் கால் மணி நேரம் ஒரு பெரியவர் கதை வாசித்துக் காட்டினாலே அந்தத் தூரம் குறையும். பாடப்புத்தகத்தை நடத்துவதைவிட இதற்குப் பலன் அதிகம் என்பது என் கருத்து. இதை ஏற்காத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

கணக்கிலும் ஒரே ஓர் உதாரணம். 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதும். இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடும். சிவப்பு மையில் தப்பு போட்டால் நாளையும் 35-தான் வரும். பத்து பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டு நான்கும் உதிரிக் குச்சி இரண்டும் கையில் கொடுத்து, “பதினேழு குச்சி எனக்குக் கொடு” என்று கேளுங்கள். ஒரு கட்டை அவிழ்க்காமல் கொடுக்க முடியாது என்பதை அது தானே கண்டுபிடிக்கும். அதற்குப் பிறகுதான் ‘கடன் வாங்குவது’ என்றால் என்ன என்று சொல்ல வேண்டும்.

இனி ஊர் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். உங்கள் பணமும் ஆட்களும் உண்மையில் பயன்படும் இடம் இதுதான்.

கூட்டம் போட்டுப் பேசினாலே பள்ளி மாறிவிடும் என்று நம்ப வேண்டாம். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பும் பொருளாதார ஆய்வாளர்களும் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சில ஊர்களில் கல்விக் குழுவுக்கு என்னென்ன அதிகாரம் உண்டு என்று எடுத்துச் சொன்னார்கள். சில ஊர்களில் அதோடு, பிள்ளைகளின் வாசிப்பை ஊர்க்காரர்களே சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னும் சில ஊர்களில் அவற்றோடு கூடவே, ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்துப் பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தச் செய்தார்கள். முதல் இரண்டு வகை ஊர்களில் பிள்ளைகளின் கற்றலில் மாற்றம் தெரியவில்லை. மூன்றாவது வகையில் முகாமுக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு தெளிவாக முன்னேறியது. தகவல் மட்டும் போதவில்லை, கையில் ஒரு வேலை வேண்டியிருந்தது. இதற்கு முன்பே வடோதராவிலும் மும்பையிலும் உள்ளூர்ப் பெண்களைப் ‘பால்சகி’ என்ற பெயரில் அமர்த்தி, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படையை மட்டும் சொல்லிக்கொடுக்க வைத்தபோதும் நல்ல பலன் கிடைத்தது.

நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஊர்ப் பெண்கள் மாலை நேரத்தில் பாடம் எடுத்தார்கள். தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, கொரோனாவுக்குப் பின் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், மூடியிருந்தபோது இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கணக்கிட்டது. பிளஸ் டூவோ டிகிரியோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணால் இவ்வளவு செய்ய முடியும் என்றால், அப்படிப்பட்ட இரண்டு பேர் உங்கள் ஊரிலும் இருப்பார்கள்.

ஆகவே 1 லட்சத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும். இரண்டு பேருக்கு மாதம் 3,000 வீதம் பத்து மாதத்துக்கு 60,000. சேவை மனப்பான்மை என்று சொல்லிப் பணத்தை இழுத்தடிக்காதீர்கள். மாதம் பிறந்தால் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் வகுப்பும் தவறாமல் நடக்கும். மாலை ஒன்றரை மணி நேரம் போதும். ஒரே ஒரு கட்டுப்பாடு: இது டியூஷனாக மாறக் கூடாது. பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடத்தை எழுத வைக்கத் தொடங்கினால், வாசிக்கத் தெரியாத பிள்ளை மறுபடியும் பார்த்து எழுதும் பிள்ளையாகிவிடும். அந்த ஒன்றரை மணி நேரம் வாசிப்பு, கணக்கு, கதை. வேறொன்றும் இல்லை.

அடுத்து 15,000 ரூபாய்க்குக் கதைப் புத்தகங்கள். பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி, பெரிய எழுத்து, நல்ல படம் உள்ளவையாகப் பார்த்து வாங்குங்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்த சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் அவை பீரோவுக்குள் இல்லாமல் வெளியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம். புத்தகத்தைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். கிழியும், கிழியட்டும். கிழியாமல் இருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். மீதிப் பணத்தைக் கையிருப்பாக வையுங்கள். குழாய் உடையும், கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் போகும். ஸ்மார்ட் போர்டை விட்டுவிடுங்கள், அரசே தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளைக் கொடுத்து வருகிறது.

வகுப்பை எங்கே நடத்துவது என்பதில் மிகக் கவனமாக இருங்கள். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாலை மையம் ஊர்த்தெருவில் யார் வீட்டுத் திண்ணையிலாவது நடந்தால் காலனிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். காலனியில் நடந்தால் ஊர்த்தெருப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். கோயில் மண்டபமும் எல்லா ஊரிலும் எல்லோருக்கும் பொதுவானதாக இல்லை. எச்.எம்.மின் அனுமதியோடு பள்ளி வளாகத்திலேயே நடத்துங்கள். இரண்டு தன்னார்வலரில் ஒருவர் காலனியைச் சேர்ந்தவராக இருக்கட்டும். உட்காரும் வரிசை, தண்ணீர் டம்ளர், யார் பெருக்குவது என்பதையெல்லாம் கண்ணால் பாருங்கள். 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகுதான், பள்ளிகளில் சாதி வேறுபாட்டைக் களைய வழி சொல்ல அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. அந்த வயதில் வெடிப்பது தொடக்கப் பள்ளித் தரையிலேயே விதைக்கப்படுகிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளைகளின் பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள், அதில் எந்தத் தெருப் பிள்ளைகள் அதிகம் என்று. அந்தப் பிள்ளைகளுக்கு மந்தபுத்தி என்று சொல்லும் ஆளை இந்த வேலையில் சேர்க்காதீர்கள்.

உங்கள் மாவட்டத்துக்கென்றே இன்னொரு பிரச்சினை உண்டு. பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளையும் கூடவே போகும். ஜூனில் திரும்பி வரும்போது அது அடுத்த வகுப்பு, மூன்று மாதத்துக்கும் மேலான பாடம் காணாமல் போயிருக்கும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது. பாட்டி தாத்தா இருந்தால் பிள்ளையை அவர்களிடம் விட்டுப்போகும்படி கிளம்பும் முன்பே பேசுங்கள். இரவு உணவுக்கு ஊர் பொறுப்பேற்றால் பலர் சம்மதிப்பார்கள். காலையும் மதியமும் பள்ளியிலேயே சாப்பாடு இருக்கிறது. சேர்ந்தே போய்விட்டால், போகும் ஊரின் பெயரையும் மேஸ்திரியின் எண்ணையும் வாங்கி எச்.எம்.மிடம் கொடுங்கள். அங்கே பக்கத்துப் பள்ளியில் சேர்க்க அவர் பேச முடியும். இந்தப் பிள்ளைகள் ஜூனில் திரும்பியதும் முதல் ஆறு வாரம் மாலை வகுப்பில் அவர்களுக்குத்தான் முதலிடம்.

காலை உணவைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த திட்டம் அது. நூறு நாள் வேலைக்கோ களைவெட்டுக்கோ அம்மா விடிகாலையில் கிளம்பிவிடும் வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீட்டைப் பார்த்தவருக்குத் தெரியும். உப்புமா சாப்பிட்டு முடித்த பிறகு மணி அடிக்கும்வரை கால் மணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் கயிற்றில் தொங்கும் புத்தகத்தை எடுத்துப் பார்க்க விடுங்கள்.

அங்கன்வாடியையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் கூடுதலாக ஓர் அரைநாள் பணியாளரை அமர்த்திப் பார்த்த ஓர் ஆய்வில், சின்னப் பிள்ளைகளின் மொழியும் கணக்கும் முன்னேறின, ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. முதல் வகுப்புக்கு வரும்போதே கதை கேட்டுப் பழகிய பிள்ளையாக வந்தால் ஆசிரியருக்கு ஆறு மாதம் மிச்சம். வாரத்தில் ஒருநாள் உங்கள் தன்னார்வலர் அங்கேயும் போய்க் கதை சொல்லட்டும்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டவர்களுக்கு: பெற்றோரின் ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். வேனில் ஏற்றி டவுன் பள்ளிக்கு அனுப்பக் கூலிக்காரக் குடும்பம் வருடத்துக்கு எவ்வளவு கடன் வாங்குகிறது என்று நமக்குத் தெரியும். ஆனால் தமிழில் கூட்டிப் படிக்க வராத பிள்ளைக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இன்னொரு மனப்பாடம்தான். தமிழில் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கில ஒலிகளையும் சின்னக் கதைகளையும் சொல்லிக்கொடுத்தால் வேகமாகப் பிடித்துக்கொள்ளும், வாசிப்பு என்றால் என்ன என்று அதற்கு முன்பே தெரியுமே. அப்படி நாலு பிள்ளை ஊர் நடுவே சத்தமாக வாசித்துக் காட்டினால், வேனில் போகும் பிள்ளைகளில் சிலர் திரும்பி வருவார்கள். எண்ணிக்கை 60-ஐத் தாண்டினால் சட்டப்படி மூன்றாவது ஆசிரியரைக் கேட்க வழி இருக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவை எப்படிப் பயன்படுத்துவது? சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நடைமுறையில் பல ஊர்களில் தலைவியின் கணவர்தான் கூட்டத்துக்கு வருவார், தலைவி வீட்டில் கையெழுத்துப் போடுவார். தலைவியையே வரச் சொல்லுங்கள், அவர் வேலைக்குப் போய்வந்த பிறகு ஒத்துவரும் நேரத்தில் கூட்டத்தை வையுங்கள். கூட்டத்தில் கேட்க வேண்டியவை இரண்டுதான். போன மாதம் சொல்லில் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் வாக்கியத்துக்கு வந்திருக்கிறார்கள்? போன மாதம் இரண்டு ஆசிரியரும் பள்ளியில் இருந்த நாட்கள் எத்தனை? இரண்டாவது கேள்வியை ஆசிரியரைக் குற்றம்சாட்டுவதற்காகக் கேட்காதீர்கள். கூட்டம், பயிற்சி, எமிஸ் எனும் துறையின் இணையப் பதிவேட்டில் விவரம் ஏற்றுவது, இலவசப் பொருட்களை எடுத்துவருவது, வங்கி என்று அவர் வெளியே போன காரணங்களை எழுதுங்கள். அவற்றில் ஊர் ஏற்கக்கூடியது இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்: புத்தகக் கட்டை வண்டியில் ஏற்றி வருவது, பிளம்பரைக் கூப்பிடுவது, பஞ்சாயத்திடம் தண்ணீருக்கு அலைவது. மீதியைத் தீர்மானமாக எழுதி கிராம சபையில் வையுங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. ஓர் ஊரே கையெழுத்திட்ட தாளை அலுவலகம் எளிதில் ஒதுக்கிவிடாது.

எச்.எம். ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது பிடிவாதம் அல்ல, பயம். வெளியாட்கள் வந்து படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, பள்ளியைக் கேவலப்படுத்தி, விளக்கம் கேட்டு மெமோ வந்த கதைகள் அவருக்குத் தெரியும். அதனால் முதல் மாதம் போனை வெளியே எடுக்காதீர்கள். சோதித்த பட்டியலை அவரிடமே விட்டுவிடுங்கள். “சார், நாங்க எதுல உதவட்டும்?” என்று அவரையே கேளுங்கள். மாலை வகுப்பில் ஒரு பிள்ளை வாசிக்கத் தொடங்கினால் முதலில் அவரிடம் கூட்டிப்போய் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, அதற்கு அசையாத ஆசிரியர் மிகக் குறைவு.

வீட்டில் பெற்றோருக்கு எழுத்து தெரியாது என்பதைச் சாக்காகச் சொல்ல விடாதீர்கள். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் இரவில் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். உங்கள் ஊர் அம்மாக்களில் அப்படிக் கற்க விரும்புகிறவர்களும் இருக்கலாம். இல்லையென்றாலும் ஒவ்வொரு இரவும் பிள்ளையிடம் ஏதாவது ஒன்றை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்: ரேஷன் கடை ரசீது, கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை. தடுமாறாமல் வாசிக்கிறதா, நின்று நின்று வாசிக்கிறதா என்பது எழுத்துத் தெரியாதவர் காதுக்கும் தெரியும்.

சோதனையை ஜூன் கடைசியில் தொடங்குங்கள், காலாண்டு விடுமுறைக்கு முன் ஒருமுறை, பொங்கலுக்கு முன் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை அதே தாளை மாற்றி எழுதிச் சோதியுங்கள். செப்டம்பரில் நகராத பிள்ளை யார் என்று பார்த்து, அந்தப் பிள்ளைக்குக் கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மண்டு என்று பெயர் வாங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்குக் கண்ணாடிதான் தேவைப்பட்டிருக்கிறது. ஏப்ரல் பட்டியலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பக்கத்தை மட்டும் ஒரு பிரதி எடுத்து, அவர்கள் ஆறாம் வகுப்பில் சேரப்போகும் பள்ளியின் தமிழாசிரியரிடம் எச்.எம். மூலமாகக் கொடுத்துவிடுங்கள். இன்னும் வாக்கியத்தில் நிற்கும் பிள்ளை அங்கே போய்க் கடைசி பெஞ்சில் மறைந்துவிடாமல் இருக்க அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.